கரப்பான்: எங்கே, எத்தனை பேருக்கு?

நூல் விலை, சாயச் சரக்கு, உர ஒதுக்கீடு, கடன் தவணை ஆகியவற்றைப் பற்றியே நம் இதழில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்மாதம் ஒரு தோல் நோயைப் பற்றி எழுத முன்வந்திருப்பது அங்கத்தினர்களிற் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். அதற்குரிய காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன், கூலிப் பட்டுவாடா நாளன்று, நம் அங்கத்தினர் ஒருவர் தம் ஏழு வயது மகளை உடன் அழைத்துக்கொண்டு சங்கத்திற்கு வந்தார். பள்ளி நடக்கும் நாளாயிற்றே, குழந்தை ஏன் இங்கே வந்தாள் என்று விசாரித்தோம். அக்குழந்தையின் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. சொறிந்த இடங்களில் நீர் கசிந்து காய்ந்திருந்தது. "மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சில பெற்றோர் சொன்னார்களாம், ஐயா. ஆறின பிறகு அனுப்புங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்" என்றார் தந்தை. ஆறு வாரம் கழிந்தும் ஆறவில்லை. கடையில் கேட்டு வாங்கிய களிம்புகளுக்கு மட்டும் ஒரு பாவு நெய்த கூலி செலவாகியிருந்தது.

அவர்களை அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பி வைத்தோம். பரிசோதித்த மருத்துவர், இது கரப்பான் என்றும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டாது என்றும், குழந்தை பள்ளிக்குச் செல்வதற்குத் தடை ஏதும் இல்லை என்றும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாளே குழந்தை பள்ளிக்குச் சென்றாள். அந்தச் சீட்டு முன்னரே கிடைத்திருந்தால் ஆறு வாரப் படிப்பு வீணாகியிராது. "ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத நோய் என் பிள்ளைக்கு ஏன் வந்தது?" என்று அந்தத் தாய் கேட்டது நம் மனத்தில் தைத்தது. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கரப்பான் என்பது யாது?

ஆங்கில வைத்தியத்தில் எக்ஸிமா எனப்படும் நோயையே நம் மக்கள் நெடுங்காலமாகக் கரப்பான் என வழங்கி வருகின்றனர். எக்ஸிமா என்னும் பெயர், கொதித்துப் பொங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. தோல் கனன்று, சிறு கொப்புளங்கள் எழும்பி, நீர் கசியும் நிலையைக் கண்ட பண்டை வைத்தியர்கள் இட்ட பெயர் அது.

சிரங்கும் படையும் வேறு, கரப்பான் வேறு. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிர் தோலைத் துளைத்துக் குடியேறுவதால் சிரங்கு வருகிறது. அது வீட்டில் உள்ள அனைவருக்கும் பரவும். படை எனவும் படர்தாமரை எனவும் சொல்லப்படுவது ஒருவகைக் காளானால் வருவது, அதுவும் பரவும். கரப்பானோ உடலின் உள்ளியல்பினாலும் புறத்தே படும் பொருள்களினாலும் எழுவது. அக்குழந்தையுடன் ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் உண்டாலும் பிறருக்கு அது வராது.

பொதுவாக இது ஐந்து வயதுக்குள் தோன்றுகிறது; பலருக்கு முதல் ஆண்டிலேயே தோன்றிவிடுகிறது. கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் காணும். வளர்ந்த குழந்தைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கணுக்கால் ஆகிய இடங்களில் காணும். இரவில் அரிப்பு மிகும். குழந்தையும் உறங்காது, தாயும் உறங்க மாட்டாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தணிந்துவிடும். சிலருக்கு வாலிபத்திலும் முதுமையிலும் தொடரும். சிலருக்கு வளர்ந்த பின்னரே முதன்முதலாகத் தோன்றுவதும் உண்டு.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய வைத்திய நூல்கள் "தோல் சிவந்து காணும்" என்று எழுதுகின்றன. வெண்ணிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியும். மாநிறமும் கருநிறமும் உடைய நம் போன்றோரின் தோலில் அது கருமையாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ, மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பருக்களாகவோ தோன்றும். சிவப்பைத் தேடுபவர் கண்ணுக்கு நோய் அகப்படாது. கருநிற மக்களிடையே இந்நோய் குறைவாக மதிப்பிடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

ஒரே முழக்கோல் கொண்டு அளந்த கணக்கு

முழக்கோல் ஊருக்கு ஊர் மாறினால் இரண்டு ஊர்த் துணிகளின் நீளத்தை ஒப்பிட இயலுமா? கரப்பான் கணக்கிலும் நெடுங்காலம் அந்தக் குறையே இருந்து வந்தது. ஒரு நாட்டு மருத்துவர் கரப்பான் என்பதை மற்றொரு நாட்டு மருத்துவர் வேறு பெயரிட்டு அழைத்தார். 1980-இல் ஹானிஃபின், ராய்கா என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் நோயின் அடையாளங்களைத் தொகுத்து ஓர் இலக்கணம் வகுத்தனர். எனினும் அது மருத்துவர் நேரில் பரிசோதித்து அறிவதற்கு உரியது. இலட்சக்கணக்கான குழந்தைகளை எண்ணுவதற்கு எளிதன்று.

1991-இல் பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி, குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றிய சர்வதேச ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினர். ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து அதனை ஐசாக் என்பர். கரப்பானைப் பற்றி அவர்கள் வகுத்த வினாக்கள் எளியவை. ஆறு மாதமாவது வந்து வந்து மறையும் அரிப்புத் தடிப்பு உண்டா? கடந்த 12 மாதங்களில் அது இருந்ததா? முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கணுக்காலின் முன்புறம், பிட்டத்தின் அடிப்பகுதி, கழுத்து, காது, கண் ஆகிய இடங்களைச் சுற்றி வந்ததா? இவ்வினாக்களை அந்தந்த நாட்டு மொழியில் பெயர்த்து, 6, 7 வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடமும், 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் நேரேயும் கேட்டனர். நம் நாட்டிலிருந்து டில்லி, புனே, சென்னை, கோட்டயம் முதலிய ஊர்களும் இவ்வாராய்ச்சியில் பங்குகொண்டன.

1990-களின் நடுவில் எடுத்த முதற் கணக்கில், 6, 7 வயதினரிடையே ஈரானில் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. ஜப்பானிலும் ஸ்வீடனிலும் 16 பேருக்கு மேல். 13, 14 வயதினரிடையே அல்பேனியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நைஜீரியாவில் 17 பேருக்கு மேல். பொதுவில் வட ஐரோப்பாவிலும், ஆஸ்திரேலியா, நியூஜீலாந்துப் பகுதியிலும் மிகுதியாகவும், கிழக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் குறைவாகவும் காணப்பட்டது.

2000-ஆம் ஆண்டையொட்டி எடுத்த அடுத்த பெருங்கணக்கு 2009-இல் வெளியாயிற்று. இளைய வயதினரில் 60 நாடுகளைச் சேர்ந்த 143 இடங்களில் 3,85,853 குழந்தைகள். மூத்த வயதினரில் 96 நாடுகளைச் சேர்ந்த 230 இடங்களில் 6,63,256 பிள்ளைகள். இரண்டையும் கூட்டினால் பத்து இலட்சத்தைத் தாண்டும். இளையோரில் மிகக் குறைந்த அளவு இந்தியாவில் ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 9. மிகுந்த அளவு தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 225. மூத்தோரில் மிகக் குறைந்த அளவு சீனத்தில் ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 2. மிகுந்த அளவு கொலம்பியாவில் ஓரிடத்தில் ஆயிரத்துக்கு 246. இளையோரில் ஆண், பெண் வேற்றுமை மிகச் சிறிது. மூத்தோரில் பெண் பிள்ளைகளிடம் தெளிவாக மிகுந்திருந்தது.

இக்கணக்கு இரண்டு எண்ணங்களை மாற்றியது. முதலாவது, கரப்பான் குளிர் நாட்டுச் செல்வர்களின் நோய் என்பது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அது மிகுந்திருப்பதை உலகம் அறிந்தது. இரண்டாவது, இந்நோய் ஓரிடத்தில் என்றும் ஒரே அளவில் நிற்கும் என்பது. இரு கணக்குகளையும் ஒப்பிட்டபோது, முன்னர் மிகுந்திருந்த பிரிட்டன், நியூஜீலாந்து போன்ற நாடுகளின் மூத்த பிள்ளைகளிடம் அது ஏறாமல் நின்றது அல்லது இறங்கியது. முன்னர் குறைந்திருந்த வளரும் நாடுகள் பலவற்றில் ஏறியது. இளைய குழந்தைகளிடமோ பெரும்பாலான இடங்களில் ஏறியே இருந்தது. அதன் பின்னர் சில நாடுகளில் தொடர்ந்து எடுத்த கணக்குகளும், பத்தாண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் கூடி வருவதையே காட்டுகின்றன.

நம் நாட்டுக் குறைந்த எண்ணைக் கண்டு மனநிறைவு கொள்ளலாகாது. ஓரிடத்து எண் தேசத்தின் எண் ஆகாது. மேலும், நூற்றுக்கு ஒருவர் என்றே கொண்டாலும், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு இந்நோய் உண்டு. நாம் மேலே கூறிய தாயின் கேள்விக்கு இதுவே விடை: அவள் பிள்ளை தனியாள் அல்ல.

பெரியோரின் கணக்கு

குழந்தைகளை எண்ணிய அளவுக்குப் பெரியோரை எண்ணவில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 65 வயது வரையுள்ளோரை ஒரே வகையான கேள்வித்தாள் கொண்டு விசாரித்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நூற்றுக்கு 4.9, கனடாவில் 3.5, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 4.4, ஜப்பானில் 2.1 என்று கண்டனர். குழந்தைகளின் முதற் கணக்கில் உச்சத்தில் நின்ற ஜப்பான், பெரியோர் கணக்கில் கீழே நிற்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

உலகம் முழுமைக்குமான மதிப்பீடு ஒன்று 2023-இல் வெளிவந்தது. அதன்படி சுமார் 20 கோடியே 40 இலட்சம் மக்களுக்கு இந்நோய் உண்டு. குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேர். பெரியோரில் நூற்றுக்கு 2 பேர். விகிதத்தில் குழந்தைகளே இருமடங்கு ஆயினும், உலகில் பெரியோர் தொகை மிகுதியாகையால், தலைக்கணக்கில் இரு சாராரும் ஏறக்குறையச் சமம். ஒவ்வொரு பக்கமும் பத்துக் கோடிக்குச் சற்று மேல். ஆகவே இதனைக் குழந்தை நோய் என்று மட்டும் கருதுவது தவறு. வயது வந்த ஒருவர் இந்நோயை மறைத்துக்கொண்டு தறியில் அமர்கிறார் என்றால், அவரைப் போல் பத்துக் கோடிப் பேர் உலகெங்கும் வேலைக்குச் செல்கின்றனர்.

இவ்வேற்றுமை எதனால்?

முதற் காரணம் பிறப்பு. பெற்றோருக்குக் கரப்பானோ, இரைப்போ, ஒவ்வாமைத் தும்மலோ இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகும். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர அறிஞர்களும் அவர்தம் கூட்டாளிகளும் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். மேல்தோலை நெருக்கமாகப் பின்னி வைக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் பழுது இருப்பின் கரப்பான் வரும் அபாயம் பெரிதும் கூடுகிறது. நெருக்கம் குறைந்த துணியினூடே நீர் ஒழுகுவதுபோல், அத்தகைய தோலினின்று ஈரம் வெளியேறும். வெளித் தூசும் சோப்புக் காரமும் உள்ளே புகும். ஐரோப்பியரில் பத்தில் ஒருவரிடம் இப்பழுது உண்டு. ஆனால் பழுதுள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயுள்ள எல்லோரிடமும் பழுது இல்லை. ஆப்பிரிக்க மக்களிடம் இப்பழுது அரிது, நோயோ அரிதன்று.

பிறப்பு மட்டுமே காரணமாயின் இடம் மாறுவதால் வேற்றுமை வரலாகாது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சோதித்தது. ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் வாழும் கறுப்பினக் குழந்தைகளையும், அதே வழித்தோன்றல்களாய் லண்டனில் வாழும் குழந்தைகளையும் ஒரே முறையில் பரிசோதித்தனர். கிங்ஸ்டனில் நூற்றுக்கு 5.6, லண்டனில் 14.9. இரத்தம் ஒன்றே, வாழும் இடம் வேறு. பசிபிக் கடலில் டோக்கெலாவ் என்னும் சிறு தீவுகளிலிருந்து நியூஜீலாந்தில் குடியேறிய மக்களின் குழந்தைகளிடமும், தீவிலேயே இருந்த குழந்தைகளைவிடக் கரப்பான் மிகுந்திருந்தது.

இடத்தில் உள்ளது எது? 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்னும் ஆங்கில அறிஞர், 1958 மார்ச் மாதத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரின் வரலாற்றை ஆராய்ந்தார். அண்ணன், அக்காள் பலர் உள்ள வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஒவ்வாமைத் தும்மலும், முதலாண்டுக் கரப்பானும் குறைவாகவே வந்திருந்தன. மூத்த பிள்ளைகள் வழியே சிறு சிறு தொற்றுக்கள் இளமையில் வந்து உடலைப் பழக்கிவிடுகின்றனவோ என்று அவர் கருதினார். இக்கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது. மற்றோர் உதாரணம் இதற்கு முரணாக நிற்கிறது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்து 1990-இல் ஒன்றுசேர்ந்தபோது இரு பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். ஒவ்வாமைத் தும்மல் மேற்கில் மிகுதி. கரப்பானோ கிழக்கில் மிகுதி. இரண்டு நோய்களுக்கும் ஒரே திறவுகோல் பொருந்தாது என்பது புலனாயிற்று.

நீரின் கடுமையும் ஒரு காரணமாகலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் 1998-இல் வெளியான ஆய்வின்படி, கடின நீர் வழங்கும் பகுதிகளில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் கரப்பான் மிகுந்திருந்தது. ஆனால் நோயுற்ற 336 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, பாதிப் பேர் வீடுகளில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தி 12 வாரம் சோதித்தபோது, கருவி உள்ள வீட்டிற்கும் இல்லாத வீட்டிற்கும் நோயில் வேற்றுமை காணவில்லை. இம்முடிவு 2011-இல் வெளியாயிற்று. இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல பாடம். கருவி விற்போர் வாசலுக்கு வரும்போது இதனை நினைவில் வைக்க வேண்டும்.

தொழிலால் வரும் கரப்பான்

இதுவரை கூறியது உடலோடு பிறந்த கரப்பான். கையில் படும் பொருளால் வரும் கரப்பான் மற்றொரு வகை. கைக் கரப்பானைப் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் வட ஐரோப்பாவில் எடுக்கப்பட்டவை. ஓராண்டுக் காலத்தில் வயது வந்தோரில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது வருகிறது, பெண்களுக்கு மிகுதி. நாள் முழுதும் ஈரத்தில் கை வைப்போர், அதாவது பாத்திரம் துலக்குவோர், மருத்துவத் தாதியர், முடி திருத்துவோர் ஆகியோரிடம் மிகுந்து காணப்படுகிறது. சாயத் தொட்டியில் கை நனைக்கும் நம் சகோதரர்களும் இவ்வரிசையைச் சேர்ந்தவர்களே. காஸ்டிக் சோடாவும், வெளுப்புத் தூளும் தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடுகின்றன. சில சாயங்கள் ஒவ்வாமையையே உண்டாக்குகின்றன. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், அப்பொருள் துளி பட்டாலும் நோய் மீளும். எனவே வருமுன் காப்பதே உரிய வழி.

வருமுன் காக்க இயலும் என்பதற்குச் சான்று உண்டு. சிமெண்டில் உள்ள குரோமியத்தால் கொத்தனார்களின் கை வெடித்துப் புண்ணாவதைக் கண்டு, 1980-களின் தொடக்கத்திலேயே டென்மார்க் நாடு சிமெண்டில் சிறிதளவு இரும்புச் சல்பேட்டைக் கலக்கச் செய்தது. குரோமியத்தின் தீங்கு அடங்கியது. தொழிலாளரிடம் அவ்வொவ்வாமையும் குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கரையும் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்பட்ட சிமெண்டு தடை செய்யப்பட்டது. ஒரு சட்டம் பல்லாயிரம் கைகளைக் காத்தது.

விவசாய அங்கத்தினர்கள் அறியவேண்டியது பார்த்தீனியச் செடி. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இக்களை, 1950-களின் நடுவில் புனே நகரில் பலர் கவனத்துக்கு வந்தது. பின்னர் நாடெங்கும் பரவிற்று. கோதுமை இறக்குமதியோடு விதை வந்ததென்பது பலர் கருத்து. இதன் பொடி காற்றில் பறந்து முகத்திலும், இமைகளிலும், கழுத்திலும், முழங்கை மடிப்பிலும் படிந்து கடுங்கரப்பானை எழுப்பும். வெயிலால் வந்த கருமை என்றெண்ணிப் பல உழவர்கள் ஆண்டுக்கணக்கில் அவதியுற்றனர். இக்களையை அழிக்க 1984-இல் மெக்ஸிகோ நாட்டு வண்டினம் ஒன்று பெங்களூரில் விடப்பட்டது. ஓரளவே பயன் கிட்டிற்று. செடி பூக்குமுன், கையுறை அணிந்து, முகத்தை மூடிக்கொண்டு, வேரோடு பிடுங்குவதே நம்மால் இயன்ற வழி.

எது பயன் தரும், எது வீண் செலவு?

நெசவாளராகிய நமக்கு உடையைப் பற்றிய ஆராய்ச்சிகள் சுவை தருபவை. முரட்டுக் கம்பளி தோலைக் குத்தி அரிப்பை வளர்க்கும் என்பது பழைய அனுபவம். குற்றம் கம்பளியுடையதன்று, இழையின் பருமனுடையது என்பதை ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின; மிக நுண்ணிய மெரினோக் கம்பளி குழந்தைகளுக்குத் தீங்கு செய்யவில்லை. கரப்பானுக்கெனத் தனியே செய்த பட்டு ஆடைகள் அயல்நாடுகளில் மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இங்கிலாந்தில் 300 குழந்தைகளைக் கொண்டு ஆறு மாதம் சோதித்ததில், அவ்வாடைகளால் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை என்று 2017-இல் முடிவு கூறினர். பட்டு நெய்வோர் நம்முள் பலர் இருப்பினும் உண்மையைச் சொல்வதே கடமை. அடிக்கடி துவைத்து மென்மையடைந்த தளர்வான பருத்தி ஆடையே போதும்; கஞ்சி மொடமொடப்பு ஆகாது.

ஈரம் காக்கும் களிம்பைப் பற்றியும் ஒரு நற்செய்தி உண்டு. நீர்மக் களிம்பு, பாலேடு போன்ற களிம்பு, கூழ்க் களிம்பு, கெட்டிக் களிம்பு என்னும் நான்கு வகைகளையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, எதுவும் மற்றொன்றை விஞ்சவில்லை என்று 2022-இல் பிரிட்டனில் அறிவித்தனர். ஆகவே குழந்தை விரும்பிப் பூசிக்கொள்வதும், கைக்கு எட்டும் விலையில் உள்ளதும் எதுவோ அதுவே சிறந்தது. நோய் இல்லாத பச்சிளங் குழந்தைக்கு முன்கூட்டியே ஓராண்டு பூசி வந்தால் வராமல் தடுக்கலாம் என்றும் நம்பினர். 1,394 குழந்தைகளிடம் சோதித்ததில் அந்நம்பிக்கை பலிக்கவில்லை என்பது 2020-இல் தெரிந்தது. எண்ணெய் வகையில், நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்மை செய்தது என்று 2014-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு காட்டிற்று. விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பைக் குலைக்கிறது என்று 2013-இல் இங்கிலாந்தில் கண்டனர்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் குறித்த வலிமையில், குறித்த நாள்வரை பூசினால் அவை மிக நல்ல மருந்து. அஞ்சி ஒதுக்குவது அறியாமை. பெயர் தெரியாமல் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, படைநோய் இருப்பின் அது கட்டுக்கடங்காமல் பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் நம் அரசு விதி செய்தது. சீட்டின்றி வாங்கலாகாது என்பதை நாமும் விதியாகக் கொள்வோமாக.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என்று விலக்குவது நம் வழக்கம். ஒரு பண்டத்தை உண்ட பின் ஒவ்வொரு முறையும் அரிப்பு எழுமானால் அதனை விலக்குவது முறையே. ஆயின் முட்டை, பால், பருப்பு என்று ஒவ்வொன்றாய் நிறுத்திக் குழந்தையை மெலிய விடுவது நோயினும் கொடிது. கைக்குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருப்பின் உணவு ஒவ்வாமை உடனிருத்தல் கூடும். அதனை மருத்துவரே சோதித்துக் கூறவேண்டும்.

அன்றாடம் செய்யத்தக்கவை சிலவே. வெந்நீர் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டுக. காரமற்ற சோப்பைச் சிறிதே பயன்படுத்துக. ஈரம் உலருமுன் களிம்போ தேங்காய் எண்ணெயோ பூசுக. நகங்களை ஒட்ட வெட்டுக. சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், திடீரென நீர்க் கொப்புளங்கள் கூட்டமாய் எழும்பினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுக.

சங்கம் செய்யக்கூடியது

சாயப் பட்டறையில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் முழங்கை வரை மூடும் ரப்பர்க் கையுறையும், அதனுள் அணியப் பருத்தி உறையும் சங்கத்தின் செலவில் வழங்குவது பெருஞ்செலவு ஆகாது. வேர்வையில் நனைந்த ரப்பரே கரப்பானை வளர்க்குமாதலால் உள்ளுறை அவசியம். அதனை நம் தறியிலேயே செய்துகொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை தோல் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பரிசோதனை நடத்தலாம். மழைக்காலத் தொடக்கத்தில் பார்த்தீனியத்தைப் பிடுங்கும் நாள் ஒன்றைக் கிராமந்தோறும் குறிக்கலாம். இம்மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்க எண்ணியுள்ளோம். அங்கத்தினர்கள் தம் கருத்தை எழுதியனுப்ப வேண்டுகிறோம்.

நான்காவது ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டுவதில்லை. கரப்பான் உள்ள பிள்ளை நம் பிள்ளைக்கு அருகில் அமர்ந்தால், எழுந்து போகச் சொல்லாதிருத்தல். பத்து இலட்சம் குழந்தைகளை எண்ணிய அறிஞர்கள் நமக்கு அளித்த செய்திகளுள் முதன்மையானது, இந்நோய் எந்நாட்டிலும், எக்குலத்திலும், எவ்வீட்டிலும் வரக்கூடியது என்பதே. மேலே கூறிய குழந்தை இப்பொழுது மூன்றாம் வகுப்புக்குத் தவறாமல் செல்கிறாள். கரப்பான் முற்றிலும் மறையவில்லை. வரும், தணியும், மீண்டும் வரும். ஆயினும் வகுப்பில் அவள் இடம் முதல் வரிசைக்கு மாறியிருக்கிறது என்று, சென்ற பட்டுவாடா நாளில் அவள் தந்தை கூறினார்.